நம் வீட்டுக் குழியும் அடுத்த வீட்டுக் கிணறும்

(வீராம்பட்டினத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்காரர்களை வழக்கமாகக் கூப்பிடுவார்கள். அந்தப் போக்கு எங்கிருந்து வருகிறது என்பதை இன்று பேசலாம்.

இது மணல் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அரியாங்குப்பம் ஆறு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் ஆழத்தில் இல்லை; உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மேலே ஏறிவிடும். கழிப்பறைக் குழியும் அதே மணலில்தான் இருக்கிறது.

"நாங்கள் செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறோமே" என்பீர்கள். செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் பூசிய தொட்டி. மலம் அதில் படிய வேண்டும். மேலே நிற்கும் நீர் தனியாக உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். ஆனால் பல கிராமங்களில் அந்தப் பெயரில் இருப்பது, சிமெண்ட் உறைகளை அடுக்கி அடியைத் திறந்தே விட்ட குழி. "பத்து வருஷமாச்சு, ஒருதரம்கூட அள்ளவில்லை" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. நிறையாத குழி எங்கே போய்க் காலியாகிறது?

மணல் வடிகட்டாதா? வடிகட்டும். குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே போதுமான காய்ந்த மணல் இருந்தால் பெரும்பாலான கிருமிகள் அதிலேயே நின்றுவிடும். மழையில் நீர் ஏறிக் குழியைத் தொட்டுவிட்டால் அந்த வடிகட்டி இல்லை. நைட்ரேட் என்ற உப்போ மணலில் நிற்பதே இல்லை. நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. அதை மிகவும் தாண்டிய நீரில் புட்டிப்பால் கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஏறக்குறைய 60 அடி. மூன்று சென்ட் மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 36 அடிதான். ஆகவே உங்கள் குழிக்கு 60 அடிக்குள் இருப்பது அநேகமாக அடுத்த வீட்டுக் கிணறு. உங்கள் கிணற்றுக்கு அருகில் அவர்கள் குழி. ஒரு வீட்டார் மட்டும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இது தீராது. தெருவே சேர்ந்து செய்ய வேண்டும், அதற்குமேல் கொம்யூன் பஞ்சாயத்து கேட்டு நடத்த வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. புதுச்சேரிக்கென்று 2002இல் நிலத்தடி நீர்ச் சட்டமும் உண்டு. ஆனால் அதன் முக்கியக் கவலை நாம் உறிஞ்சி எடுக்கும் நீரைப் பற்றியது. உள்ளே விடுகிற நீரையும் வீடு வீடாகக் கணக்குப் பார்க்க வேண்டாமா? (பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது செங்கல் வடிகால்கள் கிடைத்தன. அந்தக் காலத்தவர்கள்கூட அழுக்குநீர் போக வழி கட்டினார்கள்!)

காரைக்காலை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 ஜூலையில் அங்கே காலரா கண்டு, சுகாதார அவசர நிலை அறிவித்து, பள்ளிகளை மூடினார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்ததே பேச்சாயிருந்தது. பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் கவலை தீரும் என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில், சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வந்த விஷவாயுவால் மூன்று பேர் இறந்தார்கள்.

இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். புதுக் குழி வெட்டுமுன் மழைக்காலத்தில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேலே நின்றால் குழியை ஆழப்படுத்தாமல், மேடாக்கிக் கட்டுங்கள். இடமில்லாதவர்கள் பூசிய தொட்டி வைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி கூப்பிடுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், வாயு தாக்கினால் உயிர் போகும். லாரி வந்ததும், "கொண்டுபோய் எங்கே ஊற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். ஆற்றில் என்று பதில் வந்தால் காசு கொடுக்காமல் பஞ்சாயத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.