இழுவையும் திறனும்: மலேசிய இயந்திரம் ஒன்றை முன்வைத்து



இம்மேசையின்மீது துணி விரித்து வைத்திருக்கும் அலுமினியத் துண்டு ஒரு பிஸ்டன். அதன் தலையில், விளிம்பை ஒட்டி, சுண்டுவிரல் நுழையுமளவிற்கு ஒரு துளை உள்ளது. கருவி கொண்டு எவரும் இட்ட துளையன்று. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே உருகி விழுந்தது. கிள்ளானில் பட்டறை நடத்தும் எம் பழைய மாணவர் ஒருவர் இதனை எமக்குக் கொடுத்தார். பத்தொன்பது வயதில் தம் மகிழுந்தின் திறனைக் கூட்ட முயன்றதற்குக் கிடைத்த பரிசு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இத்துளை எவ்வாறு விழுந்தது என்பதை விளக்குவதே இன்றைய பொழிவின் நோக்கம்.

மொழி அவையில் இயந்திரத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளுள் பட்டறைத் தொழிலுக்குச் செல்வோர் உளர். அவர்களுடைய கை அறிந்ததைச் சொல்ல அவர்களுக்குச் சொல் கிடைப்பதில்லை. வகுப்பறையில் சொல்லைக் கற்றவர்க்கோ அச்சொல் சுட்டும் பொருள் கைக்கு எட்டுவதில்லை. எம் மாணவர் 'முறுக்கு விசை' என்ற சொல்லைத் தேர்வில் சரியாக எழுதியவர்தாம். பட்டறையில் அவர் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'இழுவை'. இவ்விரண்டும் ஒன்றே என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பாடம் நடத்திய எமக்கும் அக்குறையில் பங்குண்டு.

ஆகவே சொல்லிலிருந்து தொடங்குவோம். இயந்திரத்தின் தண்டு எவ்வளவு வலுவாகத் திருகுகிறது என்பது முறுக்கு விசை; பட்டறை மொழியில் இழுவை. அந்தத் திருகலை அது எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் திறன், பட்டறையில் 'பவர்'. நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்கு விசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் திறன் கிலோவாட்டில் வரும். இந்த ஒரு வாய்பாடு போதும். இன்றைய பேச்சு முழுவதையும் இது தாங்கும்.

நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1983இல் நிறுவப்பட்டு, ஷா ஆலத்தில் தொழிற்சாலை எழுப்பி, 1985 ஜூலையில் முதல் சாகா மகிழுந்தை வெளியிட்டது புரோட்டோன் நிறுவனம். அந்த வண்டியின் இயந்திரம் மிட்சுபிஷியின் வடிவமைப்பு. சொந்தமாக ஓர் இயந்திரம் வேண்டுமென்ற வேட்கை பின்னர் எழுந்தது. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியபின் அவ்வேட்கைக்கு வழி பிறந்தது. லோட்டஸுடன் இணைந்து உருவாக்கிய கேம்புரோ இயந்திரம் 2004இல் ஜென்-2 மகிழுந்தில் வெளிவந்தது. 1597 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நிமிடத்திற்கு 6000 சுற்றில் 110 குதிரைத்திறன். 4000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர்.

தாளில் பார்த்தால் குறையொன்றுமில்லை. ஆயினும் ஓட்டியவர்கள் முணுமுணுத்தார்கள். இழுவை படிப்படியாக ஏறி 4000 சுற்றில் உச்சம் தொடுவதற்கு முன்னர், சுமார் 2500 முதல் 3000 சுற்று வரையான பகுதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி எழுந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா அருகே நெரிசல் தளர்ந்து, ஓட்டுநர் காலை மெல்ல அழுத்தும் நேரத்தில் இயந்திரம் இருக்கும் இடம் ஏறத்தாழ அதுதான். விளம்பரத் தாளில் அச்சாவது உச்ச எண். நாள்தோறும் நாம் வாழ்வது பள்ளத்தில். இயந்திரத்தை மேம்படுத்துதல் என்றாலே உச்ச எண்ணை உயர்த்துவது என்று எண்ணும் இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வளைகோட்டைத்தான்.

பள்ளம் ஏன் விழுகிறது? எரிபொருளை வேண்டுமளவு ஊற்றுவது எளிது. கடினம் காற்றில் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். 6000 சுற்றில் இவ்வியந்திரம் முழுமையாக நிறையுமானால் நொடிக்கு ஏறத்தாழ 80 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கி மூச்சிழுக்க அப்போது கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் இருநூற்றில் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய பொழுதில் காற்று அமைதியாக ஓடி வருவதில்லை, அலையாக வருகிறது. வால்வு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளிழுப்புக் குழாயில் அழுத்த அலை எழுந்து, முனை வரை சென்று, எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பும் அலை, திறந்திருக்கும் வால்வைச் சந்தித்தால் கூடுதல் காற்றைத் தள்ளிவிடும். நேரம் தவறினால் வரும் காற்றையே தடுக்கும். குழாயின் நீளத்திற்கேற்ற சுற்றில் இழுவை மேடாகிறது. பொருந்தாத சுற்றில் பள்ளமாகிறது. புல்லாங்குழலின் நீளம் மாற ஒலி மாறுவதை இயற்பியல் ஆசிரியர்கள் கரும்பலகையில் வரைகிறார்கள் அல்லவா? அதே காற்றுத் தம்பம்தான் இங்கும் இயங்குகிறது. அடுத்த முறை அப்பாடத்தை நடத்தும்போது புல்லாங்குழலின் அருகில் ஒரு மகிழுந்தையும் வரைந்துவிடுங்கள்.

2008இல் வெளிவந்த திருத்திய கேம்புரோவில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன. குறைந்த சுற்றில் நீண்ட குழாய் வழியாகவும் மிகுந்த சுற்றில் குறுகிய வழியாகவும் காற்று செல்லுமாறு உள்ளிழுப்புக் குழாய் அமைக்கப்பட்டது. வால்வை உயர்த்தும் கேம் தண்டிலும் இரண்டு வடிவங்கள் வைத்து, வேகத்திற்கேற்ப ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்படி செய்தார்கள். திறன் 6500 சுற்றில் 125 குதிரைத்திறனாக உயர்ந்தது. உச்ச முறுக்கு விசையோ 148இலிருந்து 150 ஆயிற்று. இரண்டே நியூட்டன் மீட்டர். இரண்டுக்காகவா இத்தனை பாடு என்று கேட்பவர் பள்ளத்தை மறந்தவர்.

மூன்றாம் கட்டம் 2011இன் இறுதியில் எக்சோரா போல்டில் வந்த டர்போ இயந்திரம். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் ஒரு சக்கரம், உள்ளே வரும் காற்றை அமுக்கித் தருவதே டர்போ. இதில் 138 குதிரைத்திறன் கிடைத்தது. அதைவிடக் கருதத்தக்கது 2000 முதல் 4000 சுற்று வரை மேசைப் பரப்பைப்போல் சமமாக நீடிக்கும் 205 நியூட்டன் மீட்டர். வாய்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 2000 சுற்றிலேயே ஏறத்தாழ 43 கிலோவாட். முதல் கேம்புரோ தன் உச்ச இழுவையை அந்தச் சுற்றில் கொடுத்திருந்தாலும் 31 கிலோவாட்டைத்தான் எட்டியிருக்கும். குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கெந்திங் மலை ஏறுபவருக்கு இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டத் தேவையில்லை.

எம் மாணவர் தவறிய இடம் இங்கேதான் தொடங்குகிறது. டர்போவைப் பொருத்திய பொறியாளர்கள் டர்போவை மட்டும் பொருத்திவிடவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவை 88 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆகக் குறைத்தார்கள். கொள்ளளவு 1561 ஆகச் சுருங்கியது. அமுக்க விகிதத்தை 10இலிருந்து 8.9க்கு இறக்கினார்கள். அமுக்கிய காற்றை இன்டர்கூலரில் குளிர்வித்து அனுப்பினார்கள். திறனைக் கூட்ட வந்தவர்கள் கொள்ளளவையும் அமுக்கத்தையும் குறைத்தது முரணாகத் தோன்றலாம்.

காரணம் வெப்பம். நம் நாட்டுக் காற்று 32 பாகையில் இயந்திரத்தை அடைகிறது என்று கொள்வோம். அதனை 0.75 பார் கூடுதலாக அமுக்கினால், டர்போவின் இழப்புகளையும் சேர்க்க, அது 100 பாகையைத் தாண்டிவிடும். சூடான காற்று நெகிழ்ந்த காற்று; அழுத்தம் 1.75 மடங்கானாலும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 1.4 மடங்கே ஆகும். இன்டர்கூலர் அதனை 50 பாகைக்கு இறக்கினால் 1.6 மடங்கைக் கடக்கும். இங்கே ஓர் இடைச்செருகல்: ஒலி கம்பீரமாக இருக்கிறதென்று மூடியில்லாத காற்று வடிகட்டியை இயந்திர அறைக்குள்ளேயே பொருத்துவோர் உண்டு. அந்த அறையில் காற்று 60 பாகை எனில், வெளிக்காற்றோடு ஒப்பிட 8 விழுக்காடு அடர்த்தியை இழக்கிறார்கள். ஒலி கூடியது உண்மை. திறன் குறைந்ததும் உண்மை.

அடர்த்தி இழப்பைவிடக் கொடியது தட்டல். தீப்பொறி மூட்டிய சுடர் அறை முழுவதும் ஒழுங்காகப் பரவ வேண்டும். அமுக்கமும் வெப்பமும் எல்லை மீறினால், சுடர் வந்து சேருமுன்னரே மூலையிலுள்ள கலவை தானாக வெடிக்கிறது. உலோகத்தைச் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். எரியும் வாயு 2000 பாகையை மீறும். அலுமினியக் கலவையோ 600 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும். அப்படியானால் எல்லாப் பிஸ்டனும் உருக வேண்டுமே? உருகாததற்குக் காரணம், உலோகத்தை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம். போர்வைபோல் அது வெப்பத்தைத் தடுக்கிறது. தட்டலின் அதிர்வலைகள் அந்தப் போர்வையைக் கிழித்தெறிகின்றன. பிறகு சில நிமிடங்களே போதும்.

அமுக்க விகிதம் 10ஐ ஒட்டிய சாதாரண இயந்திரத்தில், பழைய டர்போ ஒன்றை, இன்டர்கூலர் இன்றி, கணினியின் எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் திருத்தாமல் பொருத்தினார் எம் மாணவர். முதல் வாரம் வண்டி பறந்தது. தட்டல் ஓசை அவர் காதில் விழுந்தது; வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொண்டார். இரண்டாம் வாரம் ஓர் இரவு, நெடுஞ்சாலையில், பின்னால் வெண்புகை எழுந்தது. அவர் ஓரமாக ஒதுங்க இடமிருந்தது; பின்னால் கனரக வண்டி வரவில்லை. இவை இரண்டும் அவர் திறமையால் அமைந்தவையல்ல என்று அவரே சொல்வார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் திறனைக் கூட்ட விரும்புவோர் நெடுங்காலமாக நாடிவரும் வேறொரு வழியும் உண்டு. ஜப்பானில் கழிக்கப்பட்ட மகிழுந்தை நடுவே அறுத்து, இயந்திரமும் பல்சக்கரப் பெட்டியும் கம்பி இணைப்புகளும் உள்ள முன்பாதியை மட்டும் இறக்குமதி செய்வார்கள். 'ஹாஃப்-கட்' என்பது அதன் வழக்குப் பெயர். வீராவும் சத்ரியாவும் மிட்சுபிஷி வழிவந்தவை ஆதலின், மிட்சுபிஷியின் மைவெக் இயந்திரத்தை அவற்றில் பொருத்துவது பெருவழக்காயிற்று. அதன் கொள்ளளவும் 1597 தான். ஆயினும் 7500 சுற்றில் 175 குதிரைத்திறன். வேறுபாடு எங்கிருந்து வந்தது? கேம்புரோவின் உருளை 76 மில்லிமீட்டர் அகலம், 88 ஏற்றத் தொலைவு. மைவெக் 81 அகலம், 77.5 தொலைவு. பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த வழியே செல்வதால் மிகுந்த சுற்றைத் தாங்குகிறது. அகன்ற தலையில் பெரிய வால்வுகளுக்கு இடமும் கிடைக்கிறது. எம் கருத்தில், அரைகுறை அறிவோடு டர்போ பொருத்துவதைக் காட்டிலும் தொழிற்சாலையிலேயே ஒத்திசைய அமைந்த முழு இயந்திரத்தை மாற்றுவது அறிவுடைமை. அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும்; வண்டி ஆய்வில் தேற வேண்டும்; பதிவிலும் காப்புறுதியிலும் புதிய இயந்திரம் இடம்பெற வேண்டும். இந்தத் தாள்வேலையைத் தவிர்க்க முயல்வோர் பெரும்பாலும் நிறுத்தியையும் மாற்றாமல் விடுகிறார்கள். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 140க்குச் சென்றால், நிறுத்தி விழுங்க வேண்டிய இயக்க ஆற்றல் 1.6 மடங்காகிறது. வேகத்தின் இருபடி என்று படிவம் மூன்றிலோ நான்கிலோ மனப்பாடம் செய்ததுதான்.

எம் மாணவர் இப்போது தம் பட்டறைக்கு வரும் இளைஞர்களிடம் முதலில் ஒரு தாளைக் கொடுக்கிறாராம். இழுவை வளைகோட்டை வரையச் சொல்கிறார்; எந்தச் சுற்றில் எவ்வளவு வேண்டும் என்று அவர்களே குறிக்க வேண்டும். பெரும்பாலோர் 7000 சுற்றில் குறிக்கிறார்கள். பிறகு ஒரு வாரம் சுற்றுமானியைக் கவனித்துவிட்டு வரச் சொல்கிறார். திரும்பி வருபவர்கள் 2000க்கும் 3500க்கும் இடையில் அழித்து எழுதுகிறார்களாம்.

இந்தப் பிஸ்டனை முதல் வரிசையிலிருந்து கைமாற்றி அனுப்புகிறோம். துளையின் ஓரம் இன்னும் கூராகவே இருக்கிறது. மாணவர்கள் விரலை உள்ளே விடாமல் பாருங்கள்.