வலக்கை, இடக்கை, சுதர்சன்

இந்த எபிசோடை அடி அண்ணாமலையிலிருந்து பேசுகிறேன். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கிற ஊர். இங்கே நடந்து போகிற எல்லாருக்கும் மலை வலது கைப் பக்கம்தான். 'வலம்' என்றாலே வலது. இதையே ஒரு பெரிய கண்ணாடியில் பார்த்தால், அதே கூட்டம் மலையை இடது பக்கம் வைத்து நடக்கும். எந்தப் பக்கம் என்பது நம்ம வழக்கம். இயற்கைக்கு இரண்டும் ஒன்றுதான். 1956 வரை இயற்பியலாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த வருஷம் லீ, யாங் என்ற இருவர் அதைச் சந்தேகப்பட்டார்கள். சியன்-ஷியுங் வூ என்ற பெண் இயற்பியலாளர் சோதித்துப் பார்த்தார். கோபால்ட்-60 அணுக்களைக் கடுங்குளிரில் வைத்து, ஒரே திசையில் சுழல வைத்தார். வெளியே வருகிற எலக்ட்ரான்கள் இரண்டு பக்கமும் சமமாக வரணும் இல்லையா? வரவில்லை. ஒரு பக்கமே அதிகம் வந்தன.

இதற்கான விதியை 1957இல் சொன்னவர்களில் ஒருவர் இ.சி.ஜி. சுதர்சன். கோட்டயம் பக்கம் பிறந்தவர், தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். மார்ஷக்குடன் சேர்ந்து அவர் சொன்ன 'வி மைனஸ் ஏ' கோட்பாட்டைப் புரிந்துகொள்ள உங்க இடது கையை நீட்டுங்க. கட்டை விரல் துகள் போகும் திசை, மடங்கிய விரல்கள் அது சுழலும் திசை. பீட்டா சிதைவில் வரும் எலக்ட்ரான் பெரும்பாலும் இந்த மாதிரிதான் வரும். அந்தச் சிதைவை நடத்தும் விசை, பொருளின் துகள்களில் இடக்கை வகையை மட்டுமே தொடும்.

அப்போ நம்ம கைப்பழக்கம் இதிலிருந்து வந்ததா? அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. நம்ம உடம்புக்குள்ளேயே ஒரு இட-வல வேறுபாடு இன்னொன்றை எப்போதும் தீர்மானிப்பதில்லை. இதயம் வலது பக்கம் அமைந்து, உள்ளுறுப்புகள் எல்லாமே இடம் மாறிப் பிறப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களிலும் பெரும்பாலானவர்கள் வலக்கைக்காரர்கள்தான். இரட்டையர்களில் ஒருத்தர் வலக்கை, இன்னொருத்தர் இடக்கை என்பதும் சகஜம்.

அதனால், துகள் இடக்கை என்பதற்காக இடக்கைக்காரர்கள் உசத்தி என்று சொல்ல முடியாது. ஆனா ஒன்று. நம்ம வீடுகளில் வலது கை 'சோத்துக்கை', இடது கை 'பீச்சாங்கை'. பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். அந்தப் பிள்ளை பென்சிலை எடுத்ததும் கையில் ஒரு அடி. கேட்டால், அதுதான் இயற்கை என்பார்கள். இயற்கையை வேறு எதற்கு வேணும்னாலும் சாட்சிக்குக் கூப்பிடுங்க. இதற்கு அது வராது. பிள்ளை எந்தக் கையில் பென்சிலை எடுக்குதோ, அந்தக் கையிலேயே எழுதட்டும்.