எந்தத் தண்ணீரில் அளந்தது?



கைட்டோசான் மணி செய்யப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் அந்தப் பலபடியை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஊசிக்குழாயில் ஏற்றி, காஸ்டிக் சோடா கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் போதும். விழுந்த சொட்டெல்லாம் ஜவ்வரிசிபோல் வெள்ளையாக உருண்டு நிற்கும். அலசி எடுத்து மயில்துத்தக் கரைசலில் போட்டால் மணி நீலமாகும், தண்ணீர் வெளிறும். பரப்பு கவர்தல் என்றால் என்ன என்று அதைப் பார்த்த மாணவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

கெட்டுப்போன கிணறுகள் அந்த மயில்துத்தக் கரைசல்போல் சாதுவானவை அல்ல. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். அதிலிருந்து கசிவது ‘குரோமியம் ஆறு’ எனப்படும் நச்சு வகை. தோல் பதனிடப் பயன்படும் ‘குரோமியம் மூன்று’ மண்ணில் பெரும்பாலும் தங்கிவிடும். குரோமியம் ஆறு வகையோ நீரோடு நெடுந்தூரம் போகும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு.

சிக்கல் இங்கேதான். குரோமியம் ஆறு நீரில் எதிர்மின் குரோமேட்டாகத் திரிகிறது. அதைப் பிடிக்க, கைட்டோசானின் அமினோ தொகுதி புரோட்டான் ஏற்று நேர்மின்சுமை பெற வேண்டும். நீரில் அமிலத்தன்மை இருந்தால்தான் அது நடக்கும். குரோமேட் ஆலைக் கழிவோ பொதுவாகக் காரமானது. அமிலம் சேர்த்தால் மணியே கரையத் தொடங்கும். குறுக்குப் பிணைப்புப் போட்டு அதைத் தடுக்கலாம். ஆனால் குரோமேட்டைப் பிடிக்க வேண்டிய அமினோ கைகளில் சில அந்தப் பிணைப்புக்கே செலவாகிவிடும். போதாக்குறைக்கு நிலத்தடி நீரின் சல்பேட்டும் அதே இடத்துக்கு முண்டியடிக்கும்.

பலபடியால் அயனியைப் பிடிப்பது புதிதல்ல. 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பீனால்-பார்மால்டிஹைடு ரெசின் அயனிகளை மாற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். உடைந்த கிராமபோன் தட்டில் தொடங்கிய கதை என்பார்கள். அன்று முதல் வேதியியலுக்குப் பஞ்சமில்லை. பாதரசத்துக்குக் கந்தகம் கொண்ட தையால் ரெசின்கூட வந்துவிட்டது.

பஞ்சம் வேறிடத்தில். வாலைவடிநீரில் ஒரே ஓர் உலோகத்தைக் கரைத்து, கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து முடித்துவிடும் கட்டுரைகள் ஏராளம். சென்னை ஐ.ஐ.டி.யின் டி. பிரதீப் குழு உருவாக்கிய ‘அம்ரித்’ அந்தக் கோட்டைத் தாண்டியது. இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடைக் கைட்டோசானோடு சேர்த்த கலவை அது. மேற்கு வங்கக் கிராமங்களில் ஆர்செனிக்கை வடிகட்டுகிறது. (கறாராகச் சொன்னால் ஆர்செனிக் உலோகமே அல்ல, குடிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.)

இன்னொன்று. காரத்தால் கழுவி மணியை மீட்டபின் மிஞ்சுவது முன்பைவிடச் செறிவான குரோமியக் கரைசல். அதை இரும்பு சல்பேட்டால் குரோமியம் மூன்றாக ஒடுக்கி, வீழ்படிவாக்கி, வண்டலைப் பாதுகாப்பான குழியில் அடைத்தாக வேண்டும். இந்தச் செலவைச் சொல்லும் கட்டுரை அபூர்வம். இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வில் கட்டுரை படிப்பவர் அந்தக் கணக்கோடு வந்தால், ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்கத் தலைமை தயார்.