உழைக்கும் பெண்டிரும் நம் சங்கத்தின் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சபைகளில் வெளிப்படையாகப் பேசுதற்குப் பலரும் கூசும் விஷயமாகும். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அங்கே நேரும் பாலியல் தொல்லையும், அதனை வெளியிட்டவளுக்குப் பின்னர் விளையும் பழிவாங்கலுமே அது. "இது நீதிமன்றம் கவனிக்கவேண்டிய காரியம், குலச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு என்பதும், அவ்வேலை யாது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

நம் முன்னோர் சங்கங்களை ஏன் தோற்றுவித்தனர்? பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நிறுவி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி அளித்து, நம்மவரை உத்தியோகங்களுக்கும் தொழில்களுக்கும் தகுதியுடையோர் ஆக்குதற்கன்றோ? அம்முயற்சியின் பயனாக இன்று நம் பெண்மக்கள் ஜவுளிக்கடையிலும் நூற்பாலையிலும், வங்கியிலும் மருத்துவமனையிலும், கணினி நிறுவனங்களிலும் உழைத்துப் பொருளீட்டுகின்றனர். பெண்ணைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று கருதுதல், நாற்று நட்டபின் நீர் பாய்ச்சாது விடுதலை ஒக்கும்.

முதற்கண் குற்றம் இன்னதென அறிதல் வேண்டும். 2013-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமலுக்கு வந்த மத்திய சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. பெண் விரும்பாதபோது அவளைத் தீண்டுதல், இச்சைக்கு இணங்கக் கேட்டல், ஆபாசமாகப் பேசுதல், ஆபாசப் படங்களைக் காட்டுதல், சொல்லாலோ சைகையாலோ வேறு வகையாலோ அவ்வியல்புடைய தொல்லை தருதல் ஆகிய யாவும் குற்றமே. "விளையாட்டாகச் சொன்னேன்" என்பது இதற்கு விடையாகாது. அவள் விரும்பினாளா என்பதே கேள்வி.

நம்மிடையே ஒரு பழமொழி வழங்குகின்றது. முள் சேலைமேல் விழுந்தாலும், சேலை முள்மேல் விழுந்தாலும் சேதம் சேலைக்கே என்பர். தாய் மகளுக்கு இதனைச் சொல்லி அனுப்புகின்றாள். சேலையைப் பார்த்து எச்சரிக்கை செய்யும் இப்பழமொழி, நடைபாதையில் முள்ளை வளரவிட்டவர் யார் என்று கேட்பதில்லை. முள்ளை வெட்டவேண்டியவன் பாதைக்கு உரியவன் அன்றோ? முதலாளியும் மேலதிகாரியுமே அப்பாதைக்கு உரியோர். அவர் வெட்டாதொழியின் அரசும், அரசு அயருமாயின் ஊரும் அக்கடமையை ஏற்றல் வேண்டும்.

இனி, இரண்டாம் குற்றத்துக்கு வருவோம். எமது கருத்தில் முதற்குற்றத்தினும் இதுவே ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. முதற்குற்றத்தைச் செய்பவன் ஒருவன். பிராது கொடுத்தவளைப் பழிவாங்கும் இரண்டாம் குற்றத்தையோ பலர் கூடிச் செய்கின்றனர். செய்கின்றோம் என்பதை உணராமலே செய்கின்றனர்.

பழிவாங்கல் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாடிக்கையான நிர்வாகக் காரியத்தின் வேடத்திலேயே அது வரும். நேற்றுவரை நல்ல வேலைக்காரி எனப் பெயர் பெற்றவளுக்குப் பிராதின் பின்னர்த் திடீரென மெமோ வரும். ஊதிய உயர்வு நிற்கும். குழந்தை உள்ளவளுக்கு இரவு ஷிப்டு விழும். தொலைவிலுள்ள கிளைக்கு மாற்றம் வரும். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவளுக்கு மட்டும் நீட்டிப்பு இராது. உடன் உழைப்போர் சாப்பாட்டு வேளையில் தள்ளி அமர்வர். "அவள் நடத்தை எப்படியோ?" என்னும் பேச்சு ஒன்று கிளம்பி அவள் வீட்டுக்கு முன்னதாகவே அவள் தெருவை அடையும். இவற்றுள் ஒவ்வொன்றையும் தனியே நோக்கின் அற்பமாகத் தோன்றும். யாவும் ஒருங்கே சேர்ந்தால் அவள் தானாகவே வேலையை விட்டு விலகுவாள். சட்டம் இதனையும் அறிந்தே இருக்கின்றது. வேலைக்குக் கேடு வரும் என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ மிரட்டுதலும், வேலையில் குறுக்கிட்டு அச்சத்துக்குரிய சூழலை உண்டாக்குதலும், இழிவாக நடத்துதலும் அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே குறிக்கப்பட்டுள்ளன.

இச்சட்டம் பிறந்த வரலாறே பழிவாங்கலின் வரலாறாகும். இராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூரை அடுத்த பட்டேரி என்னும் சிற்றூரில் பன்வாரி தேவி என்பார் அரசின் மகளிர் முன்னேற்றத் திட்டத்தில் ஊழியராக இருந்தார். குயவர் குடியிற் பிறந்தவர். 1992-ஆம் ஆண்டில் அவ்வூரில் செல்வாக்கு மிக்க வகுப்பைச் சேர்ந்த குடும்பத்தில் நிகழவிருந்த குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அஃது அவருக்கு அரசு இட்ட பணி. அப்பணியைச் செய்ததற்காக ஊர் அவரை ஒதுக்கியது. அவர் குடும்பத்துக்குப் பால் விற்பார் இல்லை. அவர்கள் வனைந்த பாண்டங்களை வாங்குவாரும் இல்லை. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் எதிரிகளை அக்குற்றத்தினின்றும் விடுவித்தது. அவரோ வாய் மூடினார் அல்லர். அக்கொடுமையைக் கண்டு விசாகா முதலிய மகளிர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா அவர்கள் தலைமையிலான அமர்வு, பணியிடந்தோறும் விசாரணைக் குழு அமைக்கவேண்டும் என்று கட்டளைகள் வகுத்தது. அக்கட்டளைகள் சட்டமாவதற்கு மேலும் 16 ஆண்டுகள் சென்றன.

ஒரு குலத்தார் கூடி ஒரு பெண்ணுக்குப் பாலையும் விற்க மறுத்தனர் என்னும் செய்தியை நம் சங்கத்தார் ஊன்றி நோக்குதல் வேண்டும். கூட்டுறவு என்பது பெரும் பலம். அப்பலம் பள்ளியும் கட்டும்; ஒருத்தியின் வாழ்வையும் இடிக்கும்.

"கல்வியும் பதவியும் இல்லாதவர்க்கே இக்கதி" என்று எண்ணுவோர்க்கு நம் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். 2021 பிப்ரவரியில் தமிழகக் காவல்துறையின் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்தவர்மீது பிராது கொடுக்க, ஐ.பி.எஸ். பெண் அதிகாரி ஒருவர் சென்னைக்குப் புறப்பட்டார். செங்கற்பட்டை அடுத்த பரனூர்ச் சுங்கச்சாவடியில் அவர் மோட்டார் வழிமறிக்கப்பட்டது. மறித்தவர் அப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த ஒருவர்! 2023 ஜூன் 16-இல் விழுப்புரம் நீதிமன்றம் முதலாமவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனையும், வழிமறித்தவருக்கு 500 ரூபாய் அபராதமும் விதித்தது. 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்ட நீதிமன்றமும் சிறைத்தண்டனையை உறுதி செய்தது. காவல் அதிகாரியின் பிராதையே நடுவழியில் நிறுத்தத் துணிவார் உளர் எனில், கடையில் துணி மடித்துவைக்கும் பெண்ணின் பிராது எத்தனை சாவடிகளைக் கடக்கவேண்டும்!

அச்சாவடிகளுள் ஒன்றாக நம் சங்கம் ஆகிவிடலாகாது என்பதே யாம் வற்புறுத்தும் கருத்து. ஏன் இங்ஙனம் கூறுகின்றோம்? நம் கடைகளிலும் ஆலைகளிலும் சங்கத்தாரின் சிபாரிசின்பேரில் வேலைக்கு அமர்ந்த பெண்கள் பலர். அவ்விடத்தில் தொல்லை நேர்ந்தால் இரு தரத்தாரும் நம்மவர் எனக் கொண்டு, பெரியோர் நால்வர் கூடி ராஜி பேசுவது வழக்கம். "வெளியே தெரிந்தால் குலத்துக்கு இழுக்கு, உனக்கும் மணமாக வேண்டும்" என்பர், பெற்றோர் கையில் ஒரு தொகையையும் வைப்பர். நல்லெண்ணத்தாற் செய்வதாகவே அவர்கள் கருதுகின்றனர். ஆயினும் பயன் என்ன? அவன் அதே நாற்காலியில் இருப்பான். அவள் வேலையை இழந்து வீட்டில் இருப்பாள். அவளிடத்துக்கு வேறொரு பெண் வருவாள். சட்டமோ, பெண் தானே வேண்டினாலன்றிச் சமரசம் கூடாதென்றும், அச்சமரசத்துக்குப் பணம் அடிப்படையாகக் கூடாதென்றும் விசாரணைக் குழுவையே கட்டுப்படுத்துகின்றது. குழுவுக்கே இல்லாத அதிகாரம் நமக்கு எங்கிருந்து வந்தது?

"பொய்ப் பிராது கொடுத்து ஒருவன் மானத்தை வாங்கினால்?" என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. பகைமை கொண்டு பொய்யென அறிந்தே பிராது கொடுத்ததாக விசாரணையில் நிலைநாட்டப்படின், அதற்கும் சட்டத்தில் நடவடிக்கை உண்டு. ஆனால் மெய்ப்பிக்க இயலாமற் போனது மாத்திரம் பொய்ப் பிராதாகாது. பூட்டிய அறையில் நிகழ்ந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்றால் எவள் கொண்டுவருவாள்? குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் தன் பக்கத்தைக் கூற உரிமை உண்டு. இரு தரத்தார்க்கும் நீதி கிடைப்பது விசாரணையாலேயன்றி மறைப்பதனால் அன்று.

ஆதலின் நான்கு காரியங்களை இச்சபையின்முன் வைக்கின்றோம்.

முதலாவது, தொழில் நடத்தும் அங்கத்தினர்க்கு. 10 பேர் வேலைசெய்யும் இடமெனில் உள்ளகக் குழு அமைத்தல் சட்டக் கடமை. மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். உறுப்பினருள் பாதிக்குக் குறையாதார் பெண்களாக வேண்டும். வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அபராதத்துக்கு அஞ்சி அன்று, நம்பி வந்த பிள்ளைகளின்பொருட்டு அமையுங்கள்.

இரண்டாவது, பெண்களுக்கு. நடந்ததை நாள், நேரம், இடம் குறித்து அன்றே எழுதிவையுங்கள்; கைப்பேசிச் செய்திகளை அழிக்காதீர்கள். 3 மாதத்துக்குள் பிராது எழுத்தில் தரப்பட வேண்டும். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதம் நீட்டிக்கப்படலாம். 10 பேருக்குக் குறைந்த கடையாயினும், தொல்லை தந்தவர் முதலாளியே ஆயினும், மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் செல்லலாம். வீட்டு வேலை செய்வோர்க்கும் அவ்வழி உண்டு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதற்கிடையே இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ வேண்டுமென எழுத்தில் கேட்கலாம். போலீசுக்குச் செல்லும் உரிமையும் தனியே உண்டு.

மூன்றாவது, பெற்றோர்க்கு. மகள் வந்து சொன்னால் அவளை வேலையினின்று நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தண்டனை பெறுபவள் அவளே. அடுத்த முறை அவள் சொல்லவும் மாட்டாள்.

நான்காவது, சங்கத்துக்கு. குற்றம் சாட்டப்பட்டவன் நம்மவன் எனின் மூடுவதும், அயலான் எனின் கொதிப்பதும் அறமாகாது. பிராது கொடுத்த பெண் எக்குலத்தினள் ஆயினும் சங்கம் அவளுக்கு எதிராக நில்லாது என்று தீர்மானிப்போம். திண்டுக்கல் வட்டாரத்தை நோக்குங்கள். 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் உழைத்த இளம் தலித் பெண் கொலையுண்டாள். அவ்வாலையின் மேற்பார்வையாளன்மீது குற்றம் சாட்டப்பட்டது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் விடாது போராடி, 2022-இல் அந்நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் கண்டது. தொழிலாளரே கண்காணிப்பாளர் ஆவதும், பிராது கொடுப்போரைப் பழிவாங்கலாகாது என்பதும் அதிலுள்ள நிபந்தனைகள். சங்கம் என்னும் சொல்லுக்கு அவர்கள் பொருள் கண்டனர். நூறாண்டுப் பழமை பேசும் சங்கங்கள் அவர்களிடம் கற்பது இழுக்கன்று.

பெரியோர்களே! குலத்தின் மானம் பெண்ணின் மௌனத்தில் இருப்பதாக நெடுங்காலம் எண்ணிவந்தோம். வாய் திறந்தவளைக் காப்பாற்றும் குலமே மானமுள்ள குலம். மேற்கூறியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றித் தரும்படி இம்மகாசபையை வேண்டுகின்றோம்.