குழந்தையின் பேச்சு மதிப்பீடும் குடும்பத்தின் கடமையும்

(தில்லி மதராசி கேம்ப்பில் வாழ்ந்த பெற்றோரும், அங்கன்வாடிப் பணியாளரும், சமூகப்பணி மாணவரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைநகர் தில்லியில் ஜங்புராவை அடுத்து, பாராபுல்லா கால்வாயின் கரையில் அமைந்திருந்த மதராசி கேம்ப் இன்று இல்லை. பிழைப்பு நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த அக்குடியிருப்பு, தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025 ஜூன் 1 ஆம் நாள் அகற்றப்பட்டது. அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களுள் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவையே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையவை எனக் கொள்ளப்பட்டன. ஏனையோர் வாடகை வீடு தேடிப் பல திசைகளில் சென்றனர்.

இத்தகைய இடர்ப்பாட்டின் நடுவே ஒரு குழந்தையின் பேச்சைப் பற்றி ஆராய வேண்டுமா எனச் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. வீடு இன்று கிடைக்காவிடில் நாளை கிடைக்கலாம். மொழி வளர்கின்ற வயதோ நமக்காகக் காத்து நிற்பதில்லை.

ஒரு தாயின் அனுபவம்

கேம்ப்பில் வாழ்ந்த ஒரு தாயை நான் அறிவேன். காலையில் இரண்டு வீடுகளில் வேலை. மாலையில் ஒரு வீடு. அவருடைய மகனுக்கு வயது மூன்று நிறைந்தும் ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் வரவில்லை. மருத்துவமனையில் மதிப்பீடு செய்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தந்தனர். புரிந்துகொள்ளும் மொழி வயது இரண்டரை ஆண்டு, வெளிப்படுத்தும் மொழி வயது ஒன்றரை ஆண்டு என்று அதில் இருந்தது. எவரும் அதனை அவருக்கு விளக்கவில்லை. அவர் அதை ரேஷன் அட்டையோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, ஐந்து மாதம் எவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்.

மாமியார், “இவன் அப்பனும் நாலு வயதில்தான் வாய் திறந்தான்” என்றார். அண்டை வீட்டார், தாய்க்கு வந்த குற்றம் என்றனர். யாரோ ஒருவர், “வீட்டில் தமிழை நிறுத்துங்கள்; இந்தி மட்டும் பேசுங்கள்” என்று அறிவுரை கூறினார். அத்தாய்க்குத் தெரிந்த இந்தி, வேலை செய்யும் வீட்டிற்குப் போதுமானது. மகனுக்குக் கதை சொல்லப் போதாது. ஆகவே அவர் மகனோடு பேசுவதே குறைந்தது. பேச்சு வர வேண்டிய வீட்டில் பேச்சு அடங்கியது.

இதில் அத்தாயின் பிழை எதுவுமில்லை. அறிக்கையைக் கையில் தந்துவிட்டு, அதன் பொருளைத் தராமல் விட்டதே பிழை.

அறிக்கை கூறுவது என்ன?

மொழித்திறன் இரு பகுதிகளைக் கொண்டது. பிறர் கூறுவதைப் புரிந்துகொள்ளல் ஒன்று. தான் எண்ணுவதை வெளியிடல் மற்றொன்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக அமெரிக்காவில் பிசோக், லீக் என்ற இருவர் 1971 இல் வெளியிட்ட அளவுகோல் இவ்விரண்டையும் தாயிடம் கேட்டே தனித்தனியே கணக்கிடுகிறது. “மொழி வயது ஒன்றரை” என்றால், அக்குழந்தை வெளியிடும் மொழி ஒன்றரை வயதுக் குழந்தையின் மொழியை ஒத்துள்ளது என்பதே பொருள். அது அறிவின் அளவன்று. எதிர்காலத்தைப் பற்றிய தீர்ப்புமன்று. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட முறையில் கண்ட நிலை, அவ்வளவே.

புரிதல் வளர்ந்து, வெளியிடுதல் மட்டும் பின்தங்கியுள்ள குழந்தைக்கு முன்னேறும் வாய்ப்புப் பொதுவாகக் கூடுதல். இரண்டும் பின்தங்கியிருப்பின் விரிவான சோதனை தேவை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, விரலால் சுட்டிக் காட்டாமை, முன்பு பேசிய சொற்களை இழத்தல் ஆகியவை காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவமனையில் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. குழந்தையை எந்த மொழியில் சோதித்தீர்கள்? காது கேட்கிறதா என்று பார்த்தாயிற்றா? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? மறுபடி எப்போது வர வேண்டும்? இந்நான்குக்கும் விடை பெறாமல் வீடு திரும்பினால் மதிப்பீடு பாதியில் நின்றதாகவே கொள்ள வேண்டும்.

இருமொழி ஒரு தடையா?

தில்லியில் வளரும் நம் குழந்தை, தண்ணீரைப் ‘பானி’ என்றும், சோற்றைச் ‘சோறு’ என்றும் கூறுகிறது. இந்தியில் மட்டும் சோதிப்பவர் முதற் சொல்லை எண்ணுவார், இரண்டாவதை விட்டுவிடுவார். தமிழில் மட்டும் சோதிப்பவர் மாறாகச் செய்வார். இரண்டையும் சேர்த்து எண்ணினாலன்றிக் குழந்தையின் உண்மையான சொல்வளம் புலப்படாது. அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளைப் பற்றிப் பார்பரா பியர்சனும் அவருடைய துணைவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. இரு மொழிச் சொற்களையும் கூட்டிப் பார்த்தபோது, அக்குழந்தைகள் ஒரு மொழிக் குழந்தைகளுக்குப் பின்தங்கியிருக்கவில்லை.

இரண்டு மொழிகளைக் கேட்பதால் மொழிக்குறை உண்டாவதில்லை என்பது இன்று ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் முடிவு. எனவே தாய்மொழியைக் கைவிடுமாறு கூறும் அறிவுரைக்கு அடிப்படையில்லை. ஆயினும், “இரண்டு மொழி கேட்பதால்தான் தாமதம், தானே சரியாகும்” என்று வாளாவிருப்பதும் தவறு. இரு மொழியிலும் பேச்சுத் தாமதமாயின் அது உண்மையான தாமதமே.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. ழகரம் பல குழந்தைகளுக்குக் காலந்தாழ்ந்தே கைவரும். வட்டார வழக்கில் ‘பழம்’ என்பதைப் பெரியவர்களே வேறுவிதமாக ஒலிப்பதுண்டு. வீட்டார் ஒலிப்பதைப் போலக் குழந்தை ஒலிப்பது குறையாகாது.

முதலில் செவி

பேச்சு என்பது கேட்டுக் கற்பது. ஆதலால் எந்தப் பேச்சு மதிப்பீட்டிற்கும் முன்னர் செவிச்சோதனை நடைபெற வேண்டும். கைதட்டினால் திரும்புகிறான் என்பது போதிய சான்றன்று. சளியும் காதுவலியும் அடிக்கடி வரும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்து, ஒலி மங்கிக் கேட்பதுண்டு. ஒரு நாள் நன்கு கேட்கும், மறுநாள் கேட்காது. வீட்டார் அதைப் பிடிவாதம் என்று எண்ணுவர்.

நான் குறிப்பிட்ட சிறுவனுக்கும் இதுவே நேர்ந்திருந்தது. ஐந்து மாதம் கழித்து, ஓர் அங்கன்வாடிப் பணியாளர் வற்புறுத்தியதன் பேரில் செவிச்சோதனை செய்தபோதே அது வெளிப்பட்டது. சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கின. அத்தாய் மீண்டும் தமிழில் பேசலானார்.

வீட்டில் செய்யத்தக்கவை

பயிற்றுநரிடம் வாரத்தில் ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில். ஆகவே வீடே முதற் பயிற்சிக்கூடம். இதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டா. காய் நறுக்கும்போது காயின் பெயரைச் சொல்லலாம். குழந்தை ‘பால்’ என்றால், ‘சூடான பால் வேண்டுமா?’ என ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிச் சொல்லலாம். கேள்வி கேட்டபின் குழந்தை விடை கூறும் வரை சற்றுப் பொறுத்திருக்கலாம். ‘சொல், சொல்’ என்று அதட்டுவதும், விருந்தினர் முன் பேசிக் காட்டச் சொல்வதும் கூடாது. கைப்பேசியின் திரை பேசும். குழந்தைக்கு மறுமொழி கூறாது.

துயரமும் இயல்பே. அறிக்கையைக் கேட்ட பெற்றோர் அழுவதும், நம்ப மறுப்பதும், தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. அதை அடக்க வேண்டுவதில்லை. ஆனால் அத்துயரைத் தாய் மட்டும் சுமக்கலாகாது. தந்தையும் ஒருமுறையேனும் மருத்துவமனைக்குச் சென்று பயிற்றுநரின் சொல்லை நேரில் கேட்டால், வீட்டில் எழும் பாதி வாதங்கள் ஓயும்.

அரசின் ஏற்பாடுகள்

மைசூரில் 1965 இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் நாட்டிற்குப் பயிற்றுநர்களை உருவாக்கி வருகிறது. 2013 இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை சோதனைக்கு வகை செய்கிறது. மொழி வளர்ச்சித் தாமதமும் செவிக்குறையும் அதன் பட்டியலில் உள்ளன. தேவையுள்ள குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்ப வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் பகுதி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை ஏழே. பேச்சு, மொழிக் குறைபாடு புதிதாக இடம்பெற்றது. எனினும் அங்குக் கூறப்படுவது, உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் நிலைத்துவிட்ட குறைபாடு. பேச்சுத் தாமதமான ஒவ்வொரு குழந்தையும் அதில் அடங்குவதில்லை. மதிப்பீட்டிற்குச் சென்றால் குழந்தைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்ற அச்சத்திற்கு, ஆகவே, இடமில்லை.

இங்கே அதிகாரிகளின் கவனத்திற்கு ஒன்று கூற விழைகிறேன். ஜங்புராவிலிருந்து நரேலா 40 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. அச்சிறுவனின் குடும்பம் அங்குச் சென்றபின், பயிற்சிக்கு வருவதென்றால் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். வாரந்தோறும் நடந்த பயிற்சி மாதம் ஒருமுறையாயிற்று, பின்னர் நின்றது. இன்று அவன் மூன்று சொற்கள் கொண்ட வாக்கியம் பேசுகிறான். தன் வயதினரை இன்னும் எட்டவில்லை. மறுகுடியமர்த்தும்போது வீட்டுச் சாவியோடு, சிகிச்சையிலுள்ள குழந்தைகளின் பட்டியலும் புதிய பகுதியின் அங்கன்வாடிக்கும் மருத்துவமனைக்கும் சென்று சேர வேண்டும். இதற்குப் பெரும் செலவில்லை. ஒரு பதிவேடும், அதைப் பின்தொடரும் ஓர் ஊழியரும் போதும்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை அறிக்கை எழுதும் இடத்தில் அமரக்கூடும். எழுதியதைத் தாயின் மொழியில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பெற்றோர்களே, உறைக்குள் வைத்த காகிதத்தை வெளியே எடுங்கள், விளங்காததைக் கேளுங்கள். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், உங்களுக்கு நன்கு வரும் மொழியில் உங்கள் குழந்தையோடு சிறிது நேரம் பேசுங்கள்.