மலையேறும் மின்சார சைக்கிள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறேன் என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லி, சங்கச் செயலாளர் போன் செய்தார். கோத்தகிரியில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்றேன். "அந்த முழங்காலை வச்சுக்கிட்டாடா?" என்று அவர் பக்கத்திலிருந்த நம்ம வகுப்பு நண்பர் கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. அந்த முழங்காலுக்காகத்தான் மின்சார சைக்கிளே வாங்கினேன்.

இதை ஸ்கூட்டருக்குத் தம்பி என்று நினைக்காதீர்கள். நான் சொல்லும் வகையில் நீங்கள் மிதித்தால்தான் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் ஒதுங்கிக்கொள்ளும். மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, இந்த வேகத்தோடு நின்றுகொண்டால், நம் நாட்டில் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம்.

2021-இல் முதல் சைக்கிள் வாங்கும்போது வாட் எத்தனை, விலை எத்தனை என்று மட்டும் பார்த்தேன். இயந்திரவியல் படித்தவன் செய்யக்கூடாத தப்பு. மோட்டார் பின்சக்கரத்தின் ஹப்பில் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குஞ்சப்பனை தாண்டியதும் நின்றுவிட்டது. பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருந்தது. ஹப்பில்தான் கை வைக்க முடியாத சூடு. மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய வேன்காரர் ஒருவர் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்.

காரணம் எளிது. ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டரில் போனால், பெரிய சக்கரம் நிமிஷத்துக்கு அறுபது சுற்றுகூடச் சுற்றாது. நீங்கள் எந்த கியருக்கு மாற்றினாலும் ஹப் மோட்டாருக்கு அதனால் பயன் இல்லை. சக்கரத்தின் வேகம்தான் அதன் வேகம். திணறுகிற மோட்டார், மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக மாற்றிவிடுகிறது. பெடல் அச்சோடு மோட்டார் இருக்கும் சைக்கிளில், அதன் பலமும் செயின் வழியாகக் கியருக்குப் போகிறது. நம் காலைப் போலவே அதுவும் சின்ன கியரில் லேசாகச் சுற்றும். சமதளத்தில் கல்லூரிக்கு வந்து போக ஹப் மோட்டாரே போதும், விலையும் குறைவு. மலைக்கு என்றால் காசு சேர்த்து, அச்சு மோட்டார் வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் விற்பவர் சொல்லும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். நான், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கவே சுமார் 408 வாட்-அவர் வேண்டும். டயர் உராய்வையும் சேர்த்தால் 500 பக்கம் வரும். பாதியை என் கால் கொடுத்தால், மோட்டாரின் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 330 போகும். ஆகவே 500 வாட்-அவர் பேட்டரி எனக்குப் போதும். மிதிக்க மாட்டேன் என்பவருக்குப் போதாது. வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். வரும்போது கொண்டுவந்துவிடலாம் என்று அங்கே வாங்கி வைக்காதீர்கள்.

ஓட்டுவதில் இரண்டு பழக்கம் முக்கியம். ஏற்றம் வருவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள்; மாற்றும் நொடியில் மிதியைச் சற்றுத் தளர்த்துங்கள். இல்லையென்றால் மோட்டாரின் முழு பலமும் செயினில் விழும். ஈரமண்ணில் முழு உதவியை வைத்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். உதவியைக் குறைத்து, சீட்டின் முன்பக்கம் நகர்ந்து உட்காருங்கள். தேயிலைத் தோட்டத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. வளைவில் மணி அடியுங்கள். சத்தமில்லாத வண்டி, திடீரென்று எதிரில் நின்றால் காட்டெருமைக்குப் பிடிக்காது, நமக்கும்தான்.

இறக்கத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சங்கடம். போன வருஷம் நம்ம வகுப்பு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இந்த அரங்கில்தான் இருக்கிறார். என் சைக்கிளை ஆசையாக எடுத்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. காரைஎலும்பு முறிந்தது. பேட்டைக் கழற்றிப் பார்த்தால் தேய்மானப் பூச்சே இல்லை, வெறும் இரும்பு. ஒரு வாரமாக அது கிறீச்சிட்டதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவன் நான். வண்டியின் எடை மட்டுமே 24 கிலோ. சாதாரண சைக்கிளை விடப் பேட் சீக்கிரம் தேயும். இப்போது வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பூச்சு ஒரு மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவேன். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் பயன்படுத்துங்கள்; விடாமல் உரசிக்கொண்டே வராதீர்கள். டிஸ்க் சூடானால் நின்று ஒரு டீ குடியுங்கள்.

செயினும் சீக்கிரம் நீளும். அளக்கும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்தான். நேரத்தில் செயினை மாற்றினால் பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுதி பிழைக்கும். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், ஈரத்துணி போதும்.

விடுதித் தம்பிகள் ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கடியில் பேட்டரியைச் சார்ஜ் போடுவதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். வேண்டாம்ப்பா. லித்தியம் தீப்பிடித்தால் அறையை விட்டு ஓடக்கூட நேரம் இருக்காது. அதோடு வந்த சார்ஜரை மட்டும் போடுங்கள். விழித்திருக்கும்போது, திறந்த இடத்தில் போடுங்கள். ஓட்டி வந்த சூடு ஆறட்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில், நிழலில் வைத்துவிட்டுப் போங்கள்.

சைக்கிளை வேனில் கொண்டுவந்து, ஒர்க்ஷாப் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். பேட் புதுசு, நேற்று மாற்றினேன். ஹெல்மெட் ஒன்றுதான் இருக்கிறது, வரிசையில் வாருங்கள். முதல் சுற்று எனக்குத்தான் என்று காரைஎலும்பு நண்பர் இப்போதே கையைத் தூக்குகிறார்.