சம்பளத்தைத் தொடாத தீர்ப்பு



இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கக் கேட்டுக் கடிதம் வந்த நாளில் மகிழ்ச்சியும் இருந்தது, தயக்கமும் இருந்தது. எனக்கு வகுப்பெடுத்த இருவர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பேச எழுந்தால் இப்போதும் நாக்கு உலர்கிறது. ஆனாலும் கருத்தரங்கு நெய்வேலியில் என்றதும் மறுக்க மனம் வரவில்லை. என் அலமாரியில் இருக்கும் குடும்ப வழக்குக் கட்டுகளில் பாதி இந்த நகரியத்தின் வட்டங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்தவை.

‘குடும்ப வழக்குகளில் சட்ட உதவி’ என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்குரைஞரைத் தருகிறது. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ, வழக்குரைஞர் வைத்துக்கொள்வது உரிமையல்ல என்கிறது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதை முதல் அமர்வு பேசும். பரஸ்பர சம்மத மணமுறிவில் ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்திய 2017 தீர்ப்பு பிற்பகலுக்கு இருக்கிறது. நீங்கள் அறிந்ததையே நான் திருப்பிச் சொல்லி நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

நான் பேச விரும்புவது ஜீவனாம்சத் தீர்ப்பு வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். குடும்ப அட்டையோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறையில் ஓர் உத்தரவு வைத்திருந்தார். மாதம் 5,000 ரூபாய், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் வந்தது. மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்திருந்தது. பதினோரு மாதமாக ஒரு காசு வரவில்லை. “இந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் என்னம்மா செய்யணும்?” என்று கேட்டார். பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுப் போடாவிட்டால் அந்த மாதத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல், “பையனை அவங்க அப்பாகிட்டயே விட்டுடலாமான்னு இருக்கு” என்றும் சொன்னார். குழந்தையின் நலனே தலையாயது என்று 1956 இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவைக் காட்டி நாம் வாதாடுகிறோம். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை முடிவு செய்யப் போனது ஒரு கட்டண ரசீது.

அவருடைய கணவர் ஒப்பந்தத் தொழிலாளி. பிடிவாரண்டில் உள்ளே போனால் கூலியும் போகும். பிறகு யாரிடம் கேட்பது? இந்த ஊரில் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொசைட்டிக் கடன், காப்பீட்டு பிரீமியம் எல்லாம் கைக்கு வருமுன்பே பிடித்தமாகியிருக்கும். பிள்ளைக்குச் சேர வேண்டிய பணம் மட்டும் ஏன் வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும்?

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 20(6) பிரிவைச் சொல்கிறேன். எதிர்மனுதாரர் பணம் கட்டத் தவறினால், அவருடைய கூலி அல்லது சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக மனுதாரரிடம் கொடுக்கும்படி அவருடைய முதலாளிக்கோ, அவருக்குக் கடன்பட்டவருக்கோ நடுவர் உத்தரவிடலாம். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்தை வசூலிக்கும் வழிகளில் இதையும் எண்ணியது. அந்தத் தீர்ப்பின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசிக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பிரிவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதையே ஒரு கூட்டத்தில் நான் சொன்னபோது, நான் பெரிதும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், “நிறைவேற்றுவது குமாஸ்தா வேலை, அது ஆய்வுப் பொருள் ஆகாது” என்றார். அன்று நான் பதில் சொல்லாமல் அமர்ந்துவிட்டேன். இன்று சொல்கிறேன்: காசாக மாறாத உத்தரவைச் சட்ட உதவி என்று கணக்கில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதே கூட்டத்தில் வேறிரண்டு ஆட்சேபங்களும் எழுந்தன, அவை கனமானவை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு உழைப்பாளியின் கூலியை ஜப்தியிலிருந்து முழுவதும் காக்கிறதே என்பது ஒன்று. அந்தப் பாதுகாப்பு 1908இல் எழுதப்பட்டது. கடன்காரனின் கைக்கு எட்டாமல் கூலிக்காரனின் அடுப்பை எரியவிடத்தான். அதே அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு எதிராக அதைத் திருப்புவது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது. மேலும், 2005இல் சட்டமியற்றியவர்கள் ‘சம்பளம்’ என்று நிறுத்திக்கொள்ளாமல் ‘கூலி’ என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு, வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளி முதலாளி ஆகமாட்டார் என்பது மற்றொன்று. சரி, ஒப்பந்ததாரர் ஆவாரே! அவர் கூலி தரத் தவறினால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பொறுப்பு நிற்கிறது. அந்த நிலையில் அவர் தொழிலாளிக்குக் கடன்பட்டவர். முதலாளிக்குப் பக்கத்திலேயே ‘கடன்பட்டவர்’ என்ற சொல் பிரிவில் இருப்பதை நாம் ஏன் படிக்காமல் விடுகிறோம்?

அந்தப் பெண்ணுக்காக நாங்கள் 2005 சட்டத்தின் 12ஆம் பிரிவில் புதிதாக மனுப் போட்டோம். பணம் தராமல் வதைப்பதும் பொருளாதார வன்முறை என்கிறது அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு. இதற்காக வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ்ஸில் கடலூர் குடும்ப நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. பெண் குடியிருக்கும் எல்லையின் நடுவர் நீதிமன்றமே போதும். பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும் 21ஆம் பிரிவில் அங்கேயே கேட்கலாம். கேட்டோம், கிடைத்தது. 20(6) உத்தரவு ஒப்பந்ததாரர் அலுவலகத்துக்குப் போனது. அடுத்த சம்பளத்தில் பணமும் வந்தது. பையன் அம்மாவிடமே இருந்தான்.

பிறகு ஒப்பந்தம் கைமாறியது. அதே ஆள், அதே வேலை, ஒப்பந்ததாரர் மட்டும் வேறு. உத்தரவில் பழைய பெயர் இருந்ததால் பணம் நின்றது. இந்த இடத்தில்தான் என் வாதம் இன்னும் முடியவில்லை. உத்தரவு தனியொரு ஒப்பந்ததாரரைக் கட்டுவதோடு நிற்காமல் அந்தப் பணிக்கு அவ்வப்போது கூலி கொடுப்பவரையும் கட்ட வேண்டும். அதன் நகல் முதன்மை முதலாளியிடமும் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இப்படியோர் உத்தரவைப் பெற முடியாது என்று சொல்பவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படியோர் உத்தரவைக் கோரும் மனுவை எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். மூன்று பக்கம், நகல்கள் வாசலருகே மேசையில் இருக்கின்றன. குமாஸ்தா வேலை என்று அன்று சொன்ன மூத்தவரும் இன்று வந்திருக்கிறார். மதிய உணவுக்குள் அவர் அதைப் படித்து, தவறு கண்ட இடத்தில் சிவப்பு மையால் குறித்துத் தர வேண்டும் என்று வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை தாக்கல் செய்கிறோம்.